1023 இட்லி கொள்ளும் தட்டு
பழைய விண்டோஸில் உயர்தர யுஎஸ்பி ஒலி எப்படி இயங்குகிறது?

தங்கச் சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28-ல் மூடிய பிறகு, கோலார் தங்கவயல் என்கிற கேஜிஎஃபில் பல வீடுகளுக்குச் சம்பளம் பெங்களூரிலிருந்துதான் வருகிறது. விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, ராத்திரி வீடு திரும்பும் கூட்டம் அது. அங்கே எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு பக்கம் போனவர்கள் பையில் ஏதாவது கொண்டுவருவார்கள்: ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப், ஒரு ஹார்டு டிஸ்க், இப்போது சின்னதாக ஒரு டாக். கம்ப்யூட்டர் தரும் எண்களைப் பாட்டாக மாற்றி ஹெட்போனுக்கு அனுப்புகிற கருவிதான் டாக். அதை விண்டோஸ் 7 லேப்டாப்பில் செருகிப் பாருங்கள். பெரும்பாலும் சத்தம் வராது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம்தான் வரும். கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்குமுன், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட் பக்கம் ஒரு டிபன் கடை என்று வைத்துக்கொள்வோம். சமையற்கட்டுதான் கம்ப்யூட்டர். இலை போட்டு உட்கார்ந்திருப்பவர் டாக். நடுவில் தட்டோடு ஓடுகிற சப்ளையர், யுஎஸ்பி ஒயர்.

முதலில் ஆர்டர் சீட்டு. செருகியதும் டாக் ஒரு சீட்டை நீட்டுகிறது: “நான் ஒலிக் கருவி, இன்ன விதிப்படி பேசுவேன்.” விதி இரண்டு உண்டு. யுஎஸ்பி ஆடியோ கிளாஸ் 1 வந்தது 1998-ல். கிளாஸ் 2 வந்தது 2006-ல். விண்டோஸ் 7 வந்தது 2009-ல் என்றாலும், அதனுடன் வரும் டிரைவருக்கு (கருவியோடு பேசும் மென்பொருளுக்கு) முதல் விதிச் சீட்டுதான் படிக்கத் தெரியும். லினக்ஸும் மேக்கும் 2010-லேயே இரண்டாவதைப் படித்துவிட்டன. விண்டோஸ் கற்றுக்கொண்டது 2017-ல், விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பில். அவ்வளவு தாமதத்துக்கு நியாயமே இல்லை என்பது என் கட்சி.

அடுத்தது தட்டு. விஷயமே இங்கேதான் இருக்கிறது. பழைய வேகத்தில் சப்ளையர் நொடிக்கு 1000 நடை நடக்கிறார். ஒரு நடைக்குத் தட்டில் அதிகபட்சம் 1023 பைட். ஒரு பைட்டை ஒரு இட்லி என்று எண்ணுங்கள். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ பாட்டுக்கு ஒரு நடையில் 96 மாதிரி (சாம்பிள்), இரண்டு காது, மாதிரிக்கு 3 பைட். ஆக 576 இட்லி. தாராளமாகக் கொள்ளும். அதையே 192 ஆக்கினால் 1152. தட்டு தாங்காது. மிச்சத்தை அடுத்த நடையில் கொண்டுபோகலாமே என்றால், அந்த நடைக்கும் 1152 காத்திருக்கிறது. அதனால்தான் கிளாஸ் 2 கருவிகள் ஹை ஸ்பீடு என்கிற வேகமான முறைக்குப் போயின. அதில் நொடிக்கு 8000 நடை, நடைக்கு 144 இட்லி, தட்டில் இடமோ 1024. இப்போது தட்டு பாதிகூட நிறையவில்லை.

பிறகு சாப்பிடுகிறவரின் வேகம். சிடி பாட்டு 44.1 கிலோஹெர்ட்ஸ். பழைய வேகத்தில் ஒரு நடைக்கு, அதாவது ஒரு மில்லிநொடிக்கு, 44.1 மாதிரி வேண்டும், ஆனால் மாதிரியைப் பிட்டு அனுப்ப முடியாது. எனவே ஒன்பது நடைக்கு 44, பத்தாவது நடைக்கு 45. இதிலும் ஒரு சிக்கல். சமையற்கட்டுக் கடிகாரமும் சாப்பிடுகிறவரின் கடிகாரமும் துளி அளவாவது விலகியே ஓடும். அதனால் நல்ல டாக் அவ்வப்போது குரல் கொடுக்கும்: “கொஞ்சம் கூட வை”, “கொஞ்சம் குறை.” இதற்கு அசிங்க்ரனஸ் முறை என்று பெயர். அந்தக் குரலைச் சரியாகக் கேட்காத டிரைவர் இருந்தால் இலை வழியும், அல்லது காலியாகும். நமக்கு ‘டிக்’ என்று கேட்கும். வழியில் சிந்தியதை மறுபடி கொண்டுவரும் வழக்கமும் இந்தக் கடையில் கிடையாது. பாட்டு அதற்குள் அடுத்த வரிக்குப் போயிருக்கும்.

அப்படியானால் விண்டோஸ் 7-ஐ என்ன செய்வது? முதலில் டாக்கில் ‘யுஎஸ்பி 1.0/2.0’ என்று ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். சில மாடல்களில் உண்டு. 1.0-க்குத் தள்ளினால் கருவி பழைய சீட்டை நீட்டும், டிரைவரே தேடாமல் பாட்டு வரும், பெரும்பாலும் 96 வரை. பழைய கேசட்டிலிருந்து ஏற்றிய பாட்டுக்கு அதுவே தாராளம். 192 போட்டாலும் கேசட்டின் இரைச்சல்தான் துல்லியமாகக் கேட்கும்.

ஸ்விட்ச் இல்லையென்றால், புதுச் சீட்டு படிக்கத் தெரிந்த ஆளை வெளியிலிருந்து அமர்த்த வேண்டும். அதுதான் தயாரிப்பாளரின் டிரைவர். அதற்குள் நிறுவன எண்ணும் மாடல் எண்ணும் எழுதியிருக்கும்; அதனால் வேறு நிறுவனத்து டிரைவரைப் போட்டால் பொருந்தாது. விண்டோஸ் 10-இன் டிரைவர் ஃபைலைக் காப்பி அடிப்பதும் வீண்வேலை, அது புதிய விண்டோஸின் மற்றப் பாகங்களை நம்பி எழுதப்பட்டது. 64 பிட் விண்டோஸ் 7, டிஜிட்டல் கையெழுத்து இல்லாத டிரைவரை உள்ளே விடாது. கையெழுத்து இருந்தும் மறுத்தால், 2015-ல் வந்த கேபி3033929 அப்டேட்டைப் போடுங்கள். புதுவகைக் கையெழுத்தை அடையாளம் காண அதுதான் கற்றுத்தருகிறது.

டிரைவர் ஏறிய பிறகும் ஒரு வேலை மிச்சம். விண்டோஸின் மிக்ஸர் எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவுக்கு மாற்றித்தான் தட்டில் வைக்கும். பாட்டு 96-ல் இருக்க, டாக்கின் திரையில் 48 என்று காட்டினால், மிக்ஸர் குறுக்கே நிற்கிறது என்று பொருள். பிளேயர் செட்டிங்ஸில், மிக்ஸரைத் தாண்டிப் போகிற வாசாபி எக்ஸ்க்ளூசிவ் அல்லது ஏசியோ வழியைத் தேர்ந்தெடுத்து, அதே பாட்டை மறுபடி ஓட்டுங்கள். திரையில் 96 வந்துவிட்டால் வேலை முடிந்தது.