வேருக்கு வழிவிடும் தொட்டி

நாற்றங்காலில் வாங்கிய புங்கங்கன்றின் கறுப்புப் பையைக் கிழித்துப் பார்த்திருக்கிறீர்களா? நாள்பட்ட கன்றென்றால் வேர் பையின் அடியில் வளையல் போலச் சுருண்டு கிடக்கும். பிளாஸ்டிக்கைத் துளைக்க முடியாமல் சுற்றிச் சுற்றி வந்த வேர் அது. மண்ணில் நட்ட பிறகும் அந்தச் சுருள் எளிதில் விரியாது. ஆளுயரம் தாண்டிச் செழித்த மரம்கூட ஒரு பலத்த காற்றில் சாய்ந்துவிடக்கூடும். ஆசையாய் வளர்த்தவருக்கு அது எவ்வளவு பெரிய வேதனை!

தென்னை நாரை ரப்பர் பாலில் பிணைத்துச் செய்யும் தொட்டியில் இந்தச் சிக்கல் குறைவு. அதன் சுவரெல்லாம் நுண்ணிய இடைவெளிகள். சுவரை எட்டிய வேர்நுனி, வெளிக்காற்று பட்டதும் காய்ந்து நின்றுவிடும். அதற்குப் பின்னாலிருந்து பக்கவேர்கள் கிளைக்கும். வேம்பு, நாவல், மருதம், இலுப்பை என எந்தக் கன்றானாலும் தொட்டியோடு குழியில் இறக்கிவிடலாம், வேர் அசையாது. நாரில் லிக்னின் என்ற எளிதில் மக்காத பொருள் மிகுதி. அதனால் நாற்றங்காலில் பல மாதம் தாங்கி, பிறகு மெல்ல மண்ணில் மக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். நார்த்தொட்டி சீக்கிரம் காயும், தண்ணீர் அடிக்கடி வேண்டும். நடும்போது அதன் விளிம்பையும் மண்ணால் மூடுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல வேரடி ஈரத்தை இழுத்துக் காற்றில் விட்டுவிடும்.