நாள் குறிப்பவர்களை நம்பாதீர்கள், ரிப்போர்ட்டைக் கேளுங்கள்!



வீட்டில் ஒருவருக்கு வயிற்றில் புற்றுநோய் என்று ஆபரேஷன் ஆகிவிட்டால், நம் மனதில் ராப்பகலாக ஓடுவது ஒரே கேள்விதான். "பிழைத்துக் கொள்வாரா? எத்தனை நாள் இருப்பார்?" டாக்டரிடம் கேட்க நமக்குத் தயக்கம். கேட்டாலும் "பார்க்கலாம்மா" என்பார். ஆனால் பார்க்க வருகிற சொந்தக்காரர்களோ, ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கீழே வைப்பதற்குள் நாள் குறித்துக் கொடுத்து விடுவார்கள்! என் கணவருக்கு மூன்று வருடத்துக்கு முன் இரைப்பையில் முக்கால் பாகத்தை எடுத்தார்கள். அப்போது கேட்டும் படித்தும் தெரிந்து கொண்டதை எழுதினால், இதே நிலையில் உள்ள ஒரு சகோதரிக்காவது உதவும் என்றுதான் இந்தக் கடிதம்.

முதலில் ஒன்றைப் புரிந்து கொள்ள வேண்டும். "பிழைப்பாரா" என்பது ஒரு கேள்வி அல்ல, இரண்டு கேள்வி. ஆபரேஷனைத் தாங்கி வீடு திரும்புவாரா என்பது ஒன்று. நோய் திரும்ப வருமா என்பது இன்னொன்று. 1881 ஜனவரியில் வியன்னா நகரில் தியோடர் பில்ராத் என்ற டாக்டர்தான் இரைப்பைப் புற்றுநோய்க்கு முதன்முதலில் வெற்றிகரமாக ஆபரேஷன் செய்தார். அந்தப் பெண்மணி ஆபரேஷனில் பிழைத்துக் கொண்டார். ஆனால் நோய் திரும்பியதால் சுமார் நான்கு மாதத்தில் இறந்து போனார். அன்றிலிருந்து இன்றுவரை டாக்டர்கள் இந்த இரண்டு கேள்வியையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறார்கள். நாமும் அப்படித்தான் கேட்க வேண்டும்.

முதல் கேள்விக்கு, அதாவது ஆபரேஷனைத் தாங்குவாரா என்பதற்கு, வயது, சர்க்கரை, இருதயம், நுரையீரல் எல்லாம் பார்ப்பார்கள். அதோடு முக்கியமாகப் பார்ப்பது உடம்பில் சத்து இருக்கிறதா என்பதை. சமீபத்தில் எத்தனை கிலோ இளைத்தார், ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் எவ்வளவு என்று கேட்பார்கள். சத்து இல்லாத உடம்பில் குடலோடு சேர்த்துத் தைத்த இடம் ஆறாமல் கசியக்கூடும். முதல் ஒரு வாரம், பத்து நாள் டாக்டர்கள் கவலைப்படுவது இதற்காகத்தான்.

இதில் நம் கைக்கு வேலை இருக்கிறது. என் கணவருக்கு ஆபரேஷனுக்கு முன் நான்கு முறை, பின் நான்கு முறை கீமோ கொடுத்தார்கள். முன்னால் கிடைத்த அந்த இரண்டு மாதத்தில் முட்டை, பருப்பு, மீன், தயிர் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து எடையைக் காப்பாற்றினோம். பீடி, சிகரெட்டை அடியோடு நிறுத்த வேண்டும். மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கொடுத்து மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்வார்கள். பலர் அதை ஊதுகிறார்கள். ஊதக் கூடாது, உள்ளே இழுக்க வேண்டும். சளி கட்டி நிமோனியா வராமல் இருக்கத்தான் அது.

இனி இரண்டாவது கேள்வி. இதற்குப் பதில் பாதிக்கு மேல் இருப்பது ஒரு காகிதத்தில். ஆபரேஷனில் எடுத்த பாகத்தை லேபில் வெட்டிப் பார்த்து எழுதும் பயாப்ஸி ரிப்போர்ட்தான் அது. வருவதற்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும். அது இங்கிலீஷில் இருக்கிறதே என்று பீரோவில் வைத்துப் பூட்டி விடாதீர்கள். அதில் மூன்று விஷயம் முக்கியம்.

ஒன்று, ஆழம். இரைப்பைச் சுவர் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக இருக்கிறது. நோய் உள் அடுக்குகளோடு நின்றிருந்தால் பயம் மிகக் குறைவு. ஜப்பானில் ஊர் ஊராகப் பரிசோதனை செய்து இந்த நிலையிலேயே நிறையப் பேரைக் கண்டுபிடித்து விடுகிறார்கள். அப்படிப்பட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஐந்து வருடத்தைத் தாண்டி விடுகிறார்கள். நம் ஊரில் அல்சர், கேஸ் என்று மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கிவிட்டு, சாப்பாடு இறங்காமல் போன பிறகு போகிறவர்கள்தான் அதிகம்.

இரண்டு, நெறிக்கட்டிகள். இரைப்பையைச் சுற்றியுள்ள சிறு சிறு கட்டிகளையும் சேர்த்து எடுத்துப் பரிசோதிப்பார்கள். எத்தனையில் நோய் இருந்தது என்பதுதான் கணக்கு. ஒன்றிலும் இல்லை என்றால் நல்லது. ஒன்று, இரண்டு என்றால் ஒரு படி; மூன்று முதல் ஆறு என்றால் அடுத்த படி; ஏழு அல்லது அதற்கு மேல் என்றால் நோய் தீவிரம் என்று பொருள். இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. மொத்தம் எத்தனை கட்டிகளைப் பரிசோதித்தார்கள்? குறைந்தது 16 பார்க்க வேண்டும் என்பது விதி. முறம் நிறைய அரிசியைப் புடைத்துப் பார்த்து "கல் இல்லை" என்பதற்கும், ஒரு பிடியை மட்டும் பார்த்துச் சொல்வதற்கும் வித்தியாசம் இல்லையா? அது மாதிரிதான்.

மூன்று, வெட்டிய ஓரம். ஓரத்தில் நோய் இல்லை என்றால் கண்ணுக்கும் மைக்ராஸ்கோப்புக்கும் தெரிந்த நோயை எடுத்தாகிவிட்டது என்று அர்த்தம்.

என் கணவருக்கு 22 கட்டிகளைப் பரிசோதித்ததில் 2-ல் நோய் இருந்தது. ஓரம் சுத்தம். அந்த ரிப்போர்ட் வருவதற்குள் என் மாமியாரின் தம்பி, "வயித்துல கேன்சர்னா ஆறு மாசம்தான். அதுக்குள்ள பொண்ணு கல்யாணத்த முடிச்சிடுங்க. கன்னிகாதானம் பண்ண அப்பன் வேணாமா?" என்று பிடிவாதம் பிடித்தார். மாப்பிள்ளையைக்கூடப் பார்த்து விட்டார். என் பெண் அப்போது நர்சிங் இரண்டாம் வருடம். நான் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய், கல்யாண விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிக் கேட்டேன். ஒவ்வொன்றாக விளக்கிவிட்டு, ஐந்து வருடத்தைத் தாண்டப் பாதிக்கு மேல் வாய்ப்பு இருக்கிறது என்றார். ஆறு மாதம் எங்கே, இது எங்கே! பெண் படிப்பை முடித்தாள். இப்போது வேலைக்குப் போகிறாள்.

டாக்டர்கள் இந்தக் கணக்கை எப்படிப் போடுகிறார்கள் தெரியுமா? முன்பு ஆபரேஷன் ஆனவர்கள் என்ன ஆனார்கள் என்று வருடக்கணக்கில் குறித்து வைத்துத்தான். நியூயார்க்கில் உள்ள ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனை, தன்னிடம் ஆபரேஷன் செய்துகொண்ட 1,039 பேரின் விவரத்தை வைத்து 2003-ல் ஓர் அளவுகோல் வெளியிட்டது. வயது, ஆணா பெண்ணா, கட்டி இருந்த இடம், ஆழம், நோயுள்ள நெறிக்கட்டி எத்தனை, நோயில்லாதது எத்தனை என்று ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டுக் கூட்டினால் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று வந்துவிடும்.

ஆனால் சகோதரிகளே, இது ஜாதகம் இல்லை. "நூற்றில் அறுபது பேர்" என்றால் நம் ஆள் அறுபதில் ஒருவரா, நாற்பதில் ஒருவரா என்று எந்தக் கணக்காலும் சொல்ல முடியாது. அதோடு, சிகிச்சை மாறினால் கணக்கும் மாறும். 2006-ல் வெளியான பிரிட்டன் ஆராய்ச்சியில், ஆபரேஷன் மட்டும் செய்தவர்களில் நூற்றுக்கு 23 பேர் ஐந்து வருடத்தைத் தாண்டினார்கள். முன்னும் பின்னும் கீமோவும் எடுத்தவர்களில் 36 பேர் தாண்டினார்கள். 2019-ல் ஜெர்மனியில் நான்கு மருந்து சேர்த்துக் கொடுத்த முறை அதைவிட நல்ல பலன் தந்தது. நாள் ஆக ஆகவும் கணக்கு மாறும். நோய் திரும்புவது பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று வருடத்துக்குள்தான். அதைத் தாண்டியவருக்கு முதல் நாள் சொன்ன சதவீதத்தைவிட வாய்ப்பு கூடுதல்.

கணக்கு மோசமாக வந்தால்? அதையும் மறைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. பேங்க் நாமினி, நிலப் பத்திரம், பிள்ளைகள் படிப்பு என்று அவர் வாயால் சொல்ல வேண்டியது எத்தனையோ இருக்கும். எல்லாரும் சேர்ந்து நாடகம் ஆடினால் பாவம், அவர்தான் தனியாகி விடுவார். வலியில்லாமல் வைத்துக்கொள்ளவும் தனி மருத்துவம் இருக்கிறது. கேட்டு வாங்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு பொறுப்பு நம் அடுப்படியில். எடை மிகவும் குறைந்து போனவர்களால் கீமோவை முழுதாக முடிக்க முடியாமல் போகிறது. எனவே மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறு, ஏழு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். ஒரு இட்லி, குழைந்த சாதம் ஒரு கரண்டி, பாதி முட்டை என்று போதும். சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம், அரை மணி கழித்துக் கொடுக்கலாம். பாயசம், ஜூஸ், குளுக்கோஸ் என்று அன்பைக் கொட்டாதீர்கள். இனிப்பு வேகமாகக் குடலில் இறங்கிப் படபடப்பு, வியர்வை, தலைசுற்றல் எல்லாம் வரும். இரைப்பையை முழுதாக எடுத்திருந்தால் பி12 ஊசி ஆயுசுக்கும் தேவை. பாதி எடுத்தவர்களும் ரத்தத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். விட்டால் சோகை, கை கால் மரத்துப் போவது எல்லாம் சில வருடம் கழித்து வந்து நிற்கும்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது இந்த ஐந்து கேள்வியை ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள்:

1. நோய் எத்தனை ஆழம் போயிருந்தது?
2. எத்தனை நெறிக்கட்டி பார்த்தீர்கள், எத்தனையில் நோய்?
3. வெட்டிய ஓரம் சுத்தமா?
4. இன்னும் கீமோ தேவையா? அதனால் எவ்வளவு வாய்ப்பு கூடும்?
5. எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வர வேண்டும்?

படிக்காதவள், புரியாது என்று நினைத்துக் கொள்வார்களோ என்று கூச்சப்பட வேண்டாம். பால் கணக்கு, மளிகைக் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம் போடுகிற நமக்கு இந்தக் கணக்கும் புரியும். இனி யாராவது வந்து "ஆறு மாசம்" என்றால், "எத்தனை நெறிக்கட்டி என்று தெரியுமா உங்களுக்கு?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். காபியைக் குடித்துவிட்டுப் பேசாமல் போய் விடுவார்கள்!

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்.