பனியிடு படிவும் ஆழ்கடற் சேறும்

நீரோ காற்றோ பனியோ ஓரிடத்தினின்று பெயர்த்துக் கொணர்ந்து மற்றோரிடத்தில் விட்டுச்சென்ற கல், மணல், மண், உயிர்க்கூடு ஆகியவற்றின் திரளுக்குப் படிவு என்று பெயர். அத்திரள் தங்கியபோது அவ்விடத்தில் நிலவிய நீராழம், ஓட்டவிரைவு, குளிர், உவர்ப்பு, உயிர்வளம் ஆகிய அனைத்தும் சேர்ந்த நிலைக்குப் படிசூழல் என்று பெயர். படிவு கைக்கு எட்டுவது. படிசூழலோ பெரும்பாலும் என்றோ மறைந்துபோனது. எட்டியதைக் கொண்டு மறைந்ததை அறிவதே படிவியலின் பணியாதலால், இத்துறையில் ஒன்றுக்குப் பெயரிடுவதே ஒரு முடிவைச் சொல்வதாகிவிடுகிறது. ஆகவே இருவகைப் பெயர்களை நாம் வேறுபிரித்துக் கையாளுதல் வேண்டும். கண்டதை மட்டும் சொல்வது உருப்பெயர். அது வந்த வழியையும் சேர்த்துச் சொல்வது பிறப்புப்பெயர். உருப்பெயர் முந்த வேண்டும். சான்று நிறைந்த பின்னரே பிறப்புப்பெயர் வர வேண்டும். பனியாற்றுப் படிவுகளையும் ஆழ்கடற் படிவுகளையும் ஒருங்கே வைத்துக் காணும்போது இம்முறையின் தேவை வேறெங்கும் விளங்காத அளவுக்கு விளங்குகிறது.

உருப்பெயரின் முதற்கூறு மணியளவு. அமெரிக்க நிலவியலார் வென்ட்வொர்த்து 1922இல் வரையறுத்த அளவுகோலே இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது சரளை. அதற்குக் கீழே, ஒரு மில்லிமீட்டரில் 16இல் ஒரு பங்கு வரை மணல். அதனின்று 256இல் ஒரு பங்கு வரை வண்டல். அதனினும் நுண்ணியது களி. சரளைக்குள்ளும் கூழாங்கல் தொடங்கி, 256 மில்லிமீட்டரைக் கடந்த பாறாங்கல் ஈறாகப் படிநிலைகள் உண்டு.

இரண்டாம் கூறு அளவொழுங்கு. ஒரு படிவிலுள்ள மணிகள் தம்முள் ஒத்த பருமன் உடையனவா, பல பருமன் விரவியனவா என்பதே இதனாற் கேட்கப்படும் கேள்வி. ஓடும் நீரும் வீசும் காற்றும் முறத்திற் புடைப்பதுபோலப் பரியதையும் நுண்ணியதையும் பிரித்துவிடுகின்றன. இப்பிரிப்புக்குக் கணக்கும் உண்டு. அசைவற்ற நீரில் விழும் நுண்மணியின் விரைவு அதன் விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மிகும் என்று இசுடோக்சு 1851இல் நிறுவினார். பத்தில் ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள மணல்மணி 4000 மீட்டர் ஆழமுள்ள கடலின் அடியைப் பத்து நாளுக்குள் சென்று சேரும்; அதன் விட்டத்தில் நூறில் ஒரு பங்கே உடைய களித்துகளுக்கோ தனியே விழுந்தால் நூறாண்டுக்கும் மேலாகும். இத்துணை வேறுபாடுடைய இரண்டும் நீரில் ஒன்றாகப் பயணம் செய்வதில்லை.

இந்நெறிக்குக் கட்டுப்படாதது பனி. அது திண்பொருளாதலால் அதனுட் சிக்கியது எதுவும் அமிழ்வதில்லை. வீட்டளவு பாறையையும் மாவினும் நுண்ணிய பாறைத்தூளையும் ஒரே விரைவில் சுமந்துசென்று, உருகும் இடத்தில் இரண்டையும் ஒருசேர விட்டுவிடுகிறது. அளவொழுங்கின்மை பனியின் முதல் அடையாளம். அதுவே முழு அடையாளம் அன்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

பனியாற்றுப் படிவுகளில் பனி தானே நேராக விட்டவற்றைப் பனியிடு படிவு என்றும், பனி உருகிய நீர் எடுத்துச்சென்று விட்டவற்றை உருகுநீர்ப் படிவு என்றும் பகுக்கலாம். பனியிடு படிவு மூன்று வகைப்படும். நகரும் பனியின் அடியில் அழுந்தி நிலத்தோடு ஒட்டிக்கொண்டது அழுத்துபடிவு. அது இறுகிக் கெட்டிப்பட்டிருக்கும், அதிலுள்ள நீளக்கற்கள் பெரும்பாலும் பனி நகர்ந்த திசையிலேயே நீட்டிக் கிடக்கும். நகர்வு ஓய்ந்த பனி நின்ற இடத்திலேயே உருகியதால் எஞ்சியது உருகுபடிவு. பனியின் பெருஞ்சுமையால் அடியிலிருந்த பழைய மண்ணே குழைந்து இழுபட்டு உருமாறியது குழைபடிவு. பனியாற்றின் விளிம்பில் இவை கரையெனக் குவிந்து நிற்பதைப் பனிவரம்பு என்கிறேன். ஆனால் அது நிலவடிவின் பெயரேயன்றிப் பொருளின் பெயரன்று. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது பாடநூல்களிலும் காணப்படும் ஒரு குழப்பம். அதனைத் தமிழிலேனும் தொடக்கத்திலேயே தவிர்த்துவிடலாம்.

உருகுநீர்ப் படிவில் நீரின் நெறி மீண்டும் ஆட்சிக்கு வருகிறது. ஐசுலாந்தின் தென்கரையில் பனிவிரிப்பின் அடியினின்று பாயும் ஆறுகள் பரப்பிய கருமணல் வெளிகளில், பனிக்கு அருகே பருஞ்சரளையும் கடலை நோக்கிச் செல்லச்செல்ல நுண்மணலுமாக அளவு இறங்கிவருவதைக் காணலாம். பனி முகப்பில் தேங்கிய ஏரிகளில் ஒழுங்கு இன்னும் நுட்பமாகிறது. கோடையில் உருகுநீர் கொணரும் வண்டல் வெளிறிய படலமாகப் படிகிறது. மேற்பரப்பு உறைந்து நீர் அசைவற்றிருக்கும் குளிர்காலத்தில், மிதந்துகொண்டிருந்த களி கரிய மென்படலமாக அதன்மேல் இறங்குகிறது. வெளிறியதும் கரியதும் சேர்ந்த ஓரிணை ஓராண்டு. இதனை ஆண்டடுக்கு எனலாம். சுவீடனின் செரார்டு தெ யேர் இவ்வடுக்குகளை ஓரிடத்தினின்று அடுத்த இடத்துக்குத் தொடுத்து எண்ணியே, தம் நாட்டைவிட்டுப் பனி பின்வாங்கிய வரலாற்றை ஆண்டுக்கணக்கில் வகுத்தார். மண்ணில் ஆண்டு எழுதப்பட்டிருக்கிறது என்பதைவிட, அதனைப் பொறுமையுடன் படிக்க ஒரு முறை உண்டு என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இனி இடர்ப்பாடான இடத்துக்கு வருவோம். களியிலே பாறாங்கல் விரவிய ஒரு படிவு கிடைத்தால் அது பனி விட்டதுதானா? மலைச்சரிவிலிருந்து சேறும் கல்லும் கூடி வழிந்தாலும் இதே தோற்றம் வரும். எரிமலைச் சேற்றோட்டத்தாலும் வரும். கடலடிச் சரிவு குலைந்து இறங்கினாலும் வரும். ஆதலால் இத்தகையதை முதலில் விரவற்படிவு என்னும் உருப்பெயராலேயே அழைக்க வேண்டும். பின்னர்ச் சான்று தேட வேண்டும். கற்களின் முகங்கள் தேய்ந்து பட்டையாகியுள்ளனவா, அவற்றின்மேல் இணைகீறல்கள் உள்ளனவா, கீழேயுள்ள பாறைத்தளமும் அதே திசையிற் கீறப்பட்டுள்ளதா, மேலும் கீழும் ஆண்டடுக்குகள் அமைந்துள்ளனவா என்று ஒவ்வொன்றாய்ப் பார்த்து, பல சான்றுகள் ஒருமுகமாகச் சேரும்போதுதான் பனியிடு படிவு என்று சொல்லத் துணியலாம்.

இவ்வாறு சான்றிலிருந்து முடிவுக்குச் சென்ற சீரிய ஆய்வு ஒன்று இந்திய மண்ணிலேயே நிகழ்ந்தது. ஒடிசாவின் தால்ச்சேர் நிலக்கரி வயலில் 1856இல் ஆய்ந்த பிளான்போர்டு உடன்பிறப்பாளரும் தியோபால்டும், மென்சேற்றுப் பாறையினுள் பெரும்பாறைகள் பதிந்திருக்கக் கண்டனர். அப்பாறைகளை உருட்டவல்ல வெள்ளம் அச்சேற்றை அங்கே தங்கவிட்டிருக்காது. அச்சேறு தங்கிய அமைதியான நீர் அப்பாறைகளை அசைத்தே இருக்காது. எனவே பனிக்கட்டியே அவற்றைச் சுமந்து வந்திருத்தல் வேண்டும் என்றனர். வெப்பநாட்டில் பனியா என்ற ஐயத்துக்கு அன்று விடையில்லை. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இந்தியா கோண்டுவானாப் பெருநிலத்தின் ஒரு கூறாய்த் தென்முனைக்கு அணித்தே இருந்தது என்னும் விடை நெடுங்காலம் கழித்தே வந்தது. விடை வரும்வரை சான்று காத்திருந்தது. சான்றைக் கண்டோர் அதனைக் கைவிடவில்லை.

ஆழ்கடற் படிவின் வகைப்பாடு 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிவந்த சேலஞ்சர் கப்பலின் கொடை. அது கொணர்ந்த அடிமண்ணை ஆய்ந்து மர்ரேயும் இரெனாரும் 1891இல் வெளியிட்ட நூல், நிலத்தையொட்டிய படிவையும் பெருங்கடல் நடுவே படிந்ததையும் பிரித்துக் காட்டியது. இன்று பிறப்பு நோக்கி நான்காகப் பகுக்கிறோம். ஆறும் காற்றும் பனியும் நிலத்தினின்று கொணர்ந்தவை நிலப்பிறப்பு. உயிர்களின் ஓடும் கூடும் உயிர்ப்பிறப்பு. கடல்நீரில் கரைந்திருந்தவை திண்மமாகியவை நீர்ப்பிறப்பு. விண்ணினின்று விழுந்த நுண்ணுருண்டைகள் விண்பிறப்பு.

இவற்றுள் உயிர்ப்பிறப்பே பரப்பால் முதன்மையானது. ஒரு படிவில் நூற்றுக்கு முப்பதுக்கு மேல் நுண்ணுயிர்க்கூடுகள் இருந்தால் அதனை உயிர்ச்சேறு என்பர். துளையோட்டு உயிர்களும் சுண்ணத்தகட்டுப் பாசிகளும் விட்ட ஓடுகளால் ஆவது சுண்ணச்சேறு. ஈரோட்டுப் பாசிகளும் கதிருடலிகளும் விட்ட சிலிக்காக் கூடுகளால் ஆவது சிலிக்காச்சேறு. இக்கூடுகள் தனித்தனியே மிதந்து இறங்குவதாயின் கடலோட்டங்கள் அவற்றை எங்கெங்கோ சிதறடித்திருக்கும். நுண்விலங்குகள் அவற்றை உண்டு கழிவுருண்டைகளாக வெளியேற்றுவதால் சில கிழமைகளிலேயே அடியைச் சேர்கின்றன. அதனாலேயே மேற்பரப்பின் உயிர்வளம் கடலடியில் அதே இடத்திற்குக் கீழே பதிவாகிறது.

ஆயினும் சுண்ணம் எல்லா ஆழத்திலும் தங்குவதில்லை. ஆழம் மிகமிகக் குளிரும் அழுத்தமும் மிகுகின்றன; உயிர்ப்பொருள் சிதைவதால் நீரிற் கரிவளியும் சேர்கிறது. இவை மூன்றும் கூடிச் சுண்ணத்தைக் கரைக்கின்றன. மேலிருந்து வரும் அளவும் கரையும் அளவும் ஈடாகும் ஆழத்தைச் சுண்ணக் கரைவெல்லை என்போம். அத்திலாந்திக்கில் அது ஏறத்தாழ 5000 மீட்டரிலும், நெடுங்காலம் அடியிற் சுற்றிவந்து கரிவளி மிகுந்த நீரையுடைய பசிபிக்கில் அதனினும் சில நூறு மீட்டர் மேலேயும் நிற்கிறது. கடலடி மலைகளின் முடிகள் சுண்ணச்சேற்றால் வெளுத்தும் அவற்றின் அடிவாரங்கள் வெளுக்காமலும் இருப்பதற்கு இவ்வெல்லையே அடிப்படை.

அவ்வெல்லைக்குக் கீழே, சிலிக்காக் கூடுகளும் அருகிய இடங்களில், செங்களி மட்டுமே எஞ்சுகிறது. காற்று கொணர்ந்த தூசும் எரிமலைத்தூளும் இரும்புத்துருவேறிச் சிவந்த அது, ஆயிரம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவிலேயே வளர்கிறது. விழுவன அத்துணைக் குறைவாதலால், எங்கும் விழும் விண்பிறப்பு உருண்டைகளும் அழிந்துபட்ட சுறாக்களின் பற்களும் திமிங்கிலங்களின் செவியெலும்புகளும் அங்கே புதையாமல் மேலேயே கிடந்ததைச் சேலஞ்சர் குழுவினர் கண்டனர். பத்து நூறாயிரம் ஆண்டில் சில மில்லிமீட்டரே பருக்கும் மாங்கனீசு உருண்டைகளும் இத்தகைய இடங்களிலேயே விளைகின்றன. நடு இந்தியப் பெருங்கடற் படுகையில் இவற்றை ஆயும் உரிமை இந்தியாவுக்கு 75,000 சதுரக் கிலோமீட்டர் பரப்பில் உண்டு. சென்னையிலுள்ள தேசியக் கடல்தொழில்நுட்ப நிறுவனம் 2021இல் அங்கே 5270 மீட்டர் ஆழத்தில் ஓர் ஊர்தியை ஓட்டிப் பார்த்தது. அந்த மென்சேறு எவ்வளவு எடை தாங்கும் என்ற கேள்விக்கும் விடை தரவேண்டியது படிவியலே.

ஆழ்கடலில் மணல் இராது என்று நெடுங்காலம் கருதினர். அதனை மாற்றியது கலங்கல் ஓட்டம் பற்றிய அறிவு. 1929 நவம்பர் 18 அன்று நியூபவுண்டுலாந்துக்குத் தெற்கே கடலடி நடுங்கியபோது, அதன் மையத்துக்கு அருகிலிருந்த தந்திவடங்கள் உடனே அறுந்தன. அவற்றுக்குத் தெற்கே ஆழத்திற் கிடந்தவையோ ஒன்றன்பின் ஒன்றாக, இறுதியானது 13 மணி நேரத்துக்கும் மேலாகக் கழித்து, அறுந்தன. சரிவிலிருந்து குலைந்த மண்ணும் நீரும் கலந்து அடியோடு அடியாகப் பாய்ந்ததே வடங்களை அறுத்தது என்று ஈசனும் யூயிங்கும் 1952இல் அக்கால இடைவெளிகளைக் கொண்டே காட்டினர். அத்தகைய ஓட்டம் ஓயும்போது பருமணல் அடியிலும் அதன்மேல் நுண்மணலும் முடிவிற் களியுமாக விடும் அடுக்கைக் கலங்கற்படிவு என்கிறோம்; 1962இல் பூமா அதனை ஐந்து உறுப்புகளாக வகுத்தார். இமயம் தேய்ந்த மண்ணின் பெரும்பகுதி இவ்வழியே வங்கக் கடலடியில் விரிந்து, இலங்கையையும் கடந்து தெற்கே ஏறத்தாழ 3000 கிலோமீட்டர் நீளமுள்ள விசிறியாகக் கிடக்கிறது.

பனியும் ஆழ்கடலும் சந்திக்கும் இடத்தில் இரு வகைப்பாடுகளும் ஒன்றையொன்று சோதிக்கின்றன. நிலத்துப் பனி கடலுக்குள் நீண்டு உடைந்து மிதவைப் பனிமலையாகிச் சென்று உருகும்போது, சுமந்த கல் நேரே அடியில் விழுகிறது. இவ்விழுகல் தனக்குக் கீழுள்ள சேற்றடுக்குகளை வளைத்து அமுக்கியிருக்கும். பின்னர்ப் படிந்த அடுக்குகளோ அதன்மேல் போர்வையாய் வளையும். கரையினின்று ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நுண்சேற்றில் பருமணல் கண்டால், கலங்கற்படிவின் அடுக்கமைப்பு இல்லாதபோது, பனியன்றி அதனைக் கொணர்ந்திருக்கத்தக்கது அரிது. வட அத்திலாந்திக்கின் அடிமண்ணில் இத்தகைய மணல்நிறைந்த அடுக்குகள் இடைவிட்டு அமைந்திருப்பதை ஐன்ரிக் 1988இல் எடுத்துரைத்தார். அவை மேற்கே தடித்தும் கிழக்கே மெலிந்தும் உள்ளன. அவற்றின் சுண்ணக்கல் துகள்கள் கனடாவின் அட்சன் விரிகுடாப் பகுதிப் பாறைகளை ஒத்துள்ளன. கடந்த பனியூழியில் வட அமெரிக்கப் பனிவிரிப்பு அட்சன் நீரிணை வழியே திரும்பத் திரும்பச் சரிந்து பனிமலைப் படைகளைக் கடலுக்குள் விட்டது என்பது அம்மணியளவாலும் கல்வகையாலும் பரவிய வடிவாலும் பெறப்பட்ட முடிவு.

தென்முனைப் பெருநிலத்தின் உராசுக் கடலில், மிதக்கும் பனித்தட்டைத் துளைத்து 2006-07இல் ஆண்ட்ரில் திட்டத்தினர் கடலடியினின்று ஏறத்தாழ 1285 மீட்டர் நீளத்துக்கு மண்ணகழ்வு எடுத்தனர். அதில் விரவற்படிவும் ஈரோட்டுப் பாசிப் படிவும் மாறிமாறி அடுக்கப்பட்டுள்ளன. விரவற்படிவின் கீறல்களும் இறுக்கமும் பனி அங்கே கடலடியை அழுத்தி நின்றதைச் சொல்கின்றன. பாசிக்கு ஞாயிற்றொளி வேண்டும். தடித்த பனித்தட்டின் கீழ் அது வளராது. 30 முதல் 50 நூறாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பகுதியில், இடையே பனியிடு படிவே இன்றிப் பல பத்து மீட்டர் தடிப்புக்குப் பாசிப்படிவு தொடர்கிறது. வளிமண்டலத்தின் கரிவளி இன்றைய அளவை ஒட்டியிருந்த அக்காலத்தில், இன்று பனித்தட்டு மூடிக்கிடக்கும் அவ்விடம் நெடுங்காலம் திறந்த கடலாக இருந்தது.