மதுரை இன்னும் தூங்கா நகரம்தானா? ராத்திரிக் கடைகளின் கதையும், 24 மணி நேர அனுமதியில் விடுபட்டவர்களும்

"ராத்திரி ஒரு மணிக்கு மதுரையில சாப்பாடு கிடைக்குமா?"

இருபது வருஷத்துக்கு முன்னாடி இப்படிக் கேட்டிருந்தால் மதுரைக்காரர்கள் சிரித்திருப்பார்கள். "என்ன வேணும்னு மட்டும் சொல்லுங்க" என்று வண்டியை ஸ்டார்ட் பண்ணியிருப்பார்கள். இப்போது அதே கேள்விக்கு, "எந்த ஏரியா? இன்னைக்கு ரோந்து வண்டி வந்துருச்சா?" என்று எதிர்க்கேள்வி வருகிறது. பதினொரு மணி தாண்டினால் பல தெருக்களில் ஷட்டர் பாதி இறங்கிவிடுகிறது. பாதி திறந்த ஷட்டருக்குள் குனிந்து, "அண்ணே, பார்சலாச்சும் இருக்கா?" என்று கேட்பதுதான் நடைமுறை.

ஆனால் சட்டப்படி பார்த்தால் தமிழ்நாட்டில் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம். அப்படியென்றால் தூங்கா நகரம் ஏன் சீக்கிரம் தூங்கப் போகிறது? இதற்குப் பதில் சொல்ல, மதுரை முதலில் எதற்காக விழித்திருந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

பட்டப்பெயர் எவ்வளவு பழசு?

'தூங்கா நகரம்' என்பது சினிமாக்காரர்கள் வைத்த பெயர் இல்லை. மதுரையின் இரவு வாழ்க்கைக்குச் சங்க இலக்கியத்திலேயே சாட்சி இருக்கிறது. பத்துப்பாட்டில் மிக நீளமானது மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி. மொத்தம் 782 அடிகள். அதில் பகல் சந்தைக்கு நாளங்காடி, இரவுச் சந்தைக்கு அல்லங்காடி என்று தனித்தனிப் பெயர்களே உண்டு.

அதோடு, இரவை யாமம் யாமமாகப் பிரித்து ஊரில் என்ன நடக்கிறது என்று லைவ் கமென்ட்ரி மாதிரி சொல்லிக்கொண்டே போகிறார் புலவர். இரண்டாம் யாமத்தில் ஒரு காட்சி வரும். பெரிய கடைகளை அடைத்துவிட்டு எல்லோரும் படுக்கப் போகிறார்கள். ஆனால் அடையும் மோதகமும் விற்கிற பலகாரக்காரர்கள் மட்டும் வீட்டுக்குப் போகவில்லை. பண்டங்களோடு உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி வழிகிறார்கள்.

பெரிய கடை மூடியிருக்கும், சின்னக் கடை விழித்திருக்கும். இந்தக் காட்சியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

ஊரை விழிக்க வைத்தது யார்?

மதுரையின் இரவு, பொழுதுபோக்குக்காக உருவானதில்லை. பெரும்பாலும் வேலைக்காக உருவானது.

முதலில் மில். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்வி சகோதரர்களின் நிறுவனம் மதுரை ரயில் நிலையத்துக்கு அருகில் பஞ்சாலையைத் தொடங்கியது. பின்னாளில் மதுரா கோட்ஸ் ஆனது அதுதான். தொடர்ந்து மீனாட்சி மில் உள்ளிட்ட ஆலைகள் வந்தன. ஷிப்ட் முறையில் வேலை. மில் சங்கு ஊதினால்தான் அக்கம்பக்கத்து வீடுகளில் மணி தெரியும். நைட் ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கும், ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கும் டீ வேண்டும், இட்லி வேண்டும். அடுப்பு அணையாமல் இருந்ததற்கு முதல் காரணம் இவர்கள்.

இரண்டாவது பஸ். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தேனி, திண்டுக்கல் என எந்தப் பக்கம் போனாலும் மதுரையில் மாற வேண்டும். மாட்டுத்தாவணிக்கு முன்பு ஊரின் நடுவிலிருந்த பெரியார் பேருந்து நிலையமும் அதைச் சுற்றியிருந்த நிலையங்களும்தான் இந்தக் கூட்டத்தைச் சுமந்தன. திருநெல்வேலி வண்டியை விட்டவர் அடுத்த வண்டி வரும்வரை டவுன்ஹால் ரோட்டில் நடந்துகொண்டிருப்பார். நடக்கிறவருக்குப் பசிக்கும்.

மூன்றாவது சந்தை. காய்கறி லாரிகள் நள்ளிரவில்தான் வரும். விடிவதற்குள் சரக்கு இறங்கி, ஏலம் போய், சில்லறைக் கடைக்குப் போய்ச் சேர வேண்டும். யானைக்கல், சிம்மக்கல் பக்கம் பழ மண்டிகள். அதிகாலைப் பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை வந்திறங்கும். லோடு இறக்குபவர்களுக்கு ராத்திரி இரண்டு மணி என்பது நமக்கு மதியம் இரண்டு மணி மாதிரி.

நான்காவது, யாரும் அதிகம் பேசாத காரணம்: பெரியாஸ்பத்திரி. அரசு ராஜாஜி மருத்துவமனைதான் தென்மாவட்டங்களுக்குக் கடைசி நம்பிக்கை. கமுதியில் விபத்து, உசிலம்பட்டியில் பிரசவச் சிக்கல் என்று வருகிற ஒவ்வொரு நோயாளியோடும் இரண்டு, மூன்று பேர் வருவார்கள். வார்டுக்கு வெளியே விடிய விடிய உட்கார்ந்திருப்பவர்களுக்கு வெந்நீரும், பன்னும், டீயும் கொடுத்தது வாசலில் இருந்த தள்ளுவண்டிகள்தான்.

செகண்ட் ஷோ விட்டதும் ஒரு ஊரே ரோட்டில்

ஐந்தாவது காரணத்தைத்தான் மதுரைக்காரர்கள் முதலில் சொல்வார்கள். அது சினிமா.

1952-ல் 'பராசக்தி' படத்தோடு திறக்கப்பட்ட தங்கம் தியேட்டரில் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட இருக்கைகள். ஆசியாவிலேயே பெரியது என்று ஊரே பெருமை பேசிய அரங்கம். செகண்ட் ஷோ ஹவுஸ்ஃபுல் என்றால், நள்ளிரவு தாண்டி இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் ஒரே நேரத்தில் தெருவுக்கு வருவார்கள். 1937-ல் தியாகராஜ பாகவதரின் 'சிந்தாமணி' கொடுத்த லாபத்தில் கட்டப்பட்டு, அந்தப் படத்தின் பெயரையே தாங்கிய சிந்தாமணி தியேட்டர் இன்னொரு பக்கம். சென்ட்ரல், ரீகல், அலங்கார் என்று பட்டியல் நீளும்.

படம் முடிந்ததும் யாரும் நேராக வீட்டுக்குப் போகமாட்டார்கள். புரோட்டாக் கடை வாசலில் நின்று கிளைமாக்ஸைப் பற்றிச் சண்டை போடுவார்கள். கொத்து புரோட்டா போடுகிற கரண்டிச் சத்தம் இரண்டு தெரு தள்ளிக் கேட்கும். அதுதான் 'கடை திறந்திருக்கு' என்பதற்கான அறிவிப்பு.

மணிக்கு ஒரு மெனு

மதுரையின் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு வரிசை உண்டு.

சாயங்காலம் பருத்திப்பால். பருத்திக்கொட்டையை ஊறவைத்து, அரைத்துப் பாலெடுத்து, கருப்பட்டியோ வெல்லமோ போட்டு, சுக்கும் ஏலமும் தட்டிக் காய்ச்சுவது. தள்ளுவண்டியில் ஆவி பறக்க நிற்கும். மகால் பக்கம் சௌராஷ்டிரத் தெருக்களில் பணியாரமும் வடையும்.

ராத்திரி எட்டு மணிக்கு மேல் கறி தோசை, சுக்கா, சால்னா. சாப்பிட்டு முடித்ததும் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. சுண்டக் காய்ச்சிய பால், கடற்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம்.

மீனாட்சி அம்மன் கோயிலில் பள்ளியறை பூஜை முடிந்து நடை சாத்திய பிறகு ஊரில் இரண்டாவது ரவுண்டு தொடங்கும். தெருவோரத்தில் இட்லிச் சட்டி ஏறும். பெரும்பாலும் அக்காக்களும் ஆச்சிகளும் நடத்துகிற கடைகள். பெயர்ப்பலகை கிடையாது. "தியேட்டர் சந்துல ஆச்சி கடை" என்றால் போதும். இட்லிக்கு மூன்று சட்னி, கேட்காமலேயே வரும். கையில் காசு குறைந்தால் "நாளைக்குக் கொடுப்பா" என்பதும் கேட்காமலேயே வரும்.

சித்திரைத் திருவிழா வந்துவிட்டால் இந்த வரிசையெல்லாம் கிடையாது. எதிர்சேவை அன்று ராத்திரி தல்லாகுளத்திலும் கோரிப்பாளையத்திலும் படுக்க இடம் இருக்காது. மறுநாள் அதிகாலை அழகர் வைகையில் இறங்குவார். அடுத்து ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய தசாவதாரம். பாய், தலையணையோடு குடும்பம் குடும்பமாக வந்து தெருவிலேயே படுத்துக்கொள்வார்கள். பெண்களும் குழந்தைகளும் நள்ளிரவில் பயமில்லாமல் நடமாடியதற்கு மதுரையில் இருந்த மிகப் பெரிய உதாரணம் இதுதான்.

எப்போ மாறுச்சு?

ஒரே நாளில் மாறவில்லை. ஒவ்வொரு காரணமாகக் கழன்றது.

பேருந்து நிலையம் மாட்டுத்தாவணிக்குப் போனது. ஊருக்கு நல்லதுதான், நெரிசல் குறைந்தது. ஆனால் வெளியூர்க்காரர்கள் நகருக்குள் வராமலேயே வண்டி மாறிப் போக முடிந்தது. கோயிலைச் சுற்றியிருந்த மொத்தக் காய்கறிச் சந்தையும் பின்னால் அங்கேயே போனது. மில்களில் ஆள் குறைந்தது. தங்கம் தியேட்டரும் சிந்தாமணியும் ஜவுளிக் கடைகளாகின. ஜவுளிக் கடை ராத்திரி பத்து மணிக்கு மூடும். செகண்ட் ஷோ தொடங்குகிற நேரம் அது.

இன்னொரு பக்கம் சட்டம் ஒழுங்கு. ராத்திரிக் கடை இருந்தால் கூட்டம் கூடும், கூட்டம் கூடினால் தகராறு வரும் என்பது போலீஸ் தரப்பு வாதம். குடித்துவிட்டு வந்து கடையில் வம்பு செய்பவர்களால் கடைக்காரர்களுக்கே தொல்லை என்பதும் உண்மை. ஆனால் தீர்வாக வந்தது வம்பு செய்பவரைப் பிடிப்பது அல்ல, கடையை மூடச் சொல்வது.

கடைசி அடி கொரோனா. 2021 ஏப்ரல் 20 முதல் இரவு 10 மணியிலிருந்து அதிகாலை 4 மணி வரை ஊரடங்கு. 2022 ஜனவரியில் மறுபடியும் இரவு ஊரடங்கு. 2020, 2021 இரண்டு வருடமும் அழகர் வைகைக்கே வரவில்லை. ஊரடங்கு போனது. ராத்திரி வாடிக்கையாளர்களில் பலர் அதற்குள் ஆப்பில் ஆர்டர் செய்து வீட்டிலேயே சாப்பிடப் பழகியிருந்தார்கள்.

சட்டம் என்ன சொல்லுது?

தமிழ்நாட்டில் கடை திறக்கும், மூடும் நேரத்தை ஒழுங்குபடுத்துவது 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். 2019-ல் தமிழக அரசு ஓர் ஆணை வெளியிட்டது. கடைகளும் நிறுவனங்களும் ஆண்டின் எல்லா நாட்களிலும் 24 மணி நேரமும் இயங்கலாம் என்றது. 3 ஆண்டுகளுக்கான அந்த அனுமதி 2022-ல் நீட்டிக்கப்பட்டது.

நிபந்தனைகள் உண்டு. ஊழியர்களுக்குச் சுழற்சி முறையில் வார விடுமுறை தர வேண்டும். நாளுக்கு 8 மணி நேர வேலை. ராத்திரி 8 மணிக்கு மேல் பெண்கள் வேலை செய்ய வேண்டுமென்றால் அவர்களது எழுத்துபூர்வ சம்மதமும், பாதுகாப்பு ஏற்பாடும் கட்டாயம். எல்லாம் தேவையான விதிகள்தான்.

சிக்கல் எங்கே என்றால், இந்த அனுமதி 10 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள கடைகளுக்குத்தான்.

இட்லிக் கடை ஆச்சியிடம் எத்தனை பேர் வேலை பார்ப்பார்கள்? ஆச்சி, மகன், பாத்திரம் கழுவ ஒருவர். பருத்திப்பால் வண்டியில் ஒரே ஆள். ஆக, ஏசி போட்ட செயின் ரெஸ்டாரன்ட் விடிய விடிய இயங்க வழி இருக்கிறது. தூங்கா நகரம் என்ற பெயரை வாங்கிக்கொடுத்தவர்கள் அந்தப் பட்டியலிலேயே இல்லை. ரோந்து வண்டி வந்தால் அவர்களிடம் காட்ட எந்தக் காகிதமும் கிடையாது.

மதுரைக்காஞ்சியின் காட்சி இங்கே அப்படியே தலைகீழாகிறது. பெரிய கடை விழித்திருக்கலாம், பலகாரக்காரர் வீட்டுக்குப் போக வேண்டும்.

இது வெறும் நாஸ்டால்ஜியாவா?

இல்லை. ராத்திரியில் வேலை பார்ப்பவர்கள் குறையவில்லை, மாறியிருக்கிறார்கள். மில் தொழிலாளி இடத்தில் டெலிவரி பையன், கால் டாக்ஸி டிரைவர், ஏ.டி.எம். காவலாளி, ஷிப்டில் வேலை பார்க்கும் ஐ.டி. ஊழியர், நர்ஸ். பெரியாஸ்பத்திரி வாசலில் காத்திருப்பவர்கள் அன்றும் இன்றும் அதே ஆட்கள்தான். அவர்களில் பலருக்குச் செயின் ரெஸ்டாரன்ட் பில் கட்டுப்படியாகாது.

அதே நேரத்தில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. வீட்டு வாசலில் நள்ளிரவு வரை பைக் சத்தமும், காலையில் எச்சில் இலையும் யாருக்கும் பிடிக்காது. எல்லாத் தெருவிலும் எல்லா நேரமும் கடை என்பது நடைமுறைக்கு ஒத்துவராது.

நடுவில் ஒரு வழி உண்டு. தெருவோர வியாபாரிகளுக்கான 2014-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், நகர விற்பனைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் தெரு வியாபாரிகளாக இருக்க வேண்டும். எங்கே விற்கலாம், ஒரே இடத்தை நேரம் பிரித்து எப்படிப் பயன்படுத்தலாம் என்று திட்டமிட அந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. பரம்பரையாகக் கூடும் சந்தைகளை 'இயற்கைச் சந்தை' என்று அங்கீகரிக்கவும் செய்கிறது.

இதற்கு முன்மாதிரி இந்தியாவிலேயே இருக்கிறது. இந்தூரின் சராஃபா பஜாரும், அகமதாபாத்தின் மானெக் சௌக்கும் பகலில் நகை வியாபாரம் நடக்கும் தெருக்கள். நகைக்கடைகள் மூடிய பிறகு அதே இடத்தில் சாப்பாட்டுக் கடைகள் முளைக்கின்றன. நள்ளிரவு தாண்டியும் குடும்பத்தோடு வந்து சாப்பிடுகிறார்கள். நகைக்கடைகள் நிறைந்த தெற்கு ஆவணி மூல வீதி மதுரையிலும் இருக்கிறது. இரண்டு தெருவை ஒதுக்கி, விளக்கு போட்டு, குப்பைக்கு ஆள் வைத்து, கழிப்பறையும் கட்டி, ஒரு போலீஸ் பூத்தும் வைத்தால், 'மூடு' என்று சொல்ல வருகிற அதே ரோந்து வண்டி காவலுக்கு நிற்கலாம்.

அதுவரைக்கும், ராத்திரி மதுரைக்குப் போகிறவர்கள் பதினொரு மணிக்கு முன்னாலேயே சாப்பிட்டுவிடுவது நல்லது.