விளக்குப்பொறிக்கு எந்த பேட்டரி?

கம்பம் பள்ளத்தாக்கில் முதல் போகத்துக்கு ஜூன் மாதம் பெரியாறு தண்ணீர் திறந்தால், பின்னாடியே மேற்கிலிருந்து சாரலும் வந்துவிடும். வானம் மூடிக்கொள்ளும். நட்ட வயலில் குருத்துப்பூச்சியின் மஞ்சள் அந்து பறக்கிறதும் அப்போதுதான், நம்ம சோலார் விளக்குப்பொறி படுத்துக்கொள்வதும் அப்போதுதான்.

"என்னண்ணே, உங்க விளக்கு எட்டு மணிக்கே தூங்கிருச்சு?" என்று பக்கத்து வயல்காரர் கேட்ட பிறகே கவனித்தேன். விலை குறைவென்று 12 வோல்ட், 7 ஏ.எச். லெட்-ஆசிட் பேட்டரி போட்டிருந்தேன். முதல் வருஷம் சமாளித்தது. இரண்டாவது சாரலில் செத்தது. அந்தப் போகம் கதிர் வந்தபோது வயல் முழுக்க வெண்கதிர்.

தப்பு பேட்டரியில் இல்லை, என் கணக்கில். வங்கியில் அடுத்தவர் கடன் மனுவைத் துருவித் துருவிப் பார்த்தவன், சொந்த வயலுக்குப் பார்க்கவில்லை. விளக்கு 3 வாட். மாலை 6 முதல் 10 வரை எரிந்தால் போதும்; விடிய விடிய எரிந்தால் நன்மை செய்யும் பூச்சியும் சேர்ந்து சாகும். ஆக ராத்திரிக்கு 12 வாட்-மணி. 12-ஐ 7-ஆல் பெருக்கினால் 84. ஆனால் லெட்-ஆசிட்டைப் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது, கையில் 42தான். வெயில் இல்லாவிட்டால் மூன்றரை ராத்திரி. நம்ம ஊர்ச் சாரல் அதற்குள் விடுமா? அரைகுறை சார்ஜிலேயே நாள்கணக்கில் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அப்புறம் வெயில் அடித்தாலும் ஏறாது.

இப்போது போட்டிருப்பது லித்தியம் அயர்ன் பாஸ்பேட், 12.8 வோல்ட், 6 ஏ.எச். எண்பது சதவீதம் இறக்கினாலும் 61 வாட்-மணி கிடைக்கும், ஐந்து ராத்திரி. அரை சார்ஜில் கிடப்பதால் கெடாது. விலை கூடுதல்தான், ஆனால் 2,000 தடவைக்கு மேல் ஏற்றி இறக்கலாம். கூடவே பேனலையும் 10 வாட்டிலிருந்து 20 ஆக்கினேன். மேகத்திலும் கொஞ்சம் வரும் இல்லையா!

வாங்குமுன் சார்ஜ் கண்ட்ரோலரைப் பாருங்கள். லெட்-ஆசிட்டுக்கு மட்டும் செய்ததென்றால் அதையும் மாற்ற வேண்டும். மீட்டர் வைத்து சார்ஜ் பார்க்கிற பழக்கமும் இதில் செல்லாது. 13 வோல்ட்டை ஒட்டியே நின்று கடைசியில் சட்டென்று விழும். பெட்டியைப் பேனல் நிழலில் கட்டுங்கள். தகரப் பெட்டியை வெயிலில் வைத்தால் எந்த பேட்டரியும் சீக்கிரம் போய்விடும்.

பழசை வாய்க்கால் ஓரம் வீசிவிடாதீர்கள், உள்ளே ஈயமும் அமிலமும் இருக்கிறது. பேட்டரி கடையில் எடைக்கு எடுத்துக்கொள்கிறார்கள்.