பனிக்கரடித் தாயும் நம் வீட்டு ஸ்விட்சும்

"பனிக்கரடியா? அது எங்கேயோ வடதுருவத்துல இருக்கு. அதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கத் தோன்றும். சம்பந்தம் இருக்கிறது, சகோதரிகளே!

கனடாவில் ஹட்சன் விரிகுடா என்றொரு கடல். குளிர்காலத்தில் அது உறைந்து கிடக்கும்போதுதான் பனிக்கரடிக்கு வயிறாரச் சாப்பாடு. பனிக்கட்டி மேல் காத்திருந்து சீல்களைப் பிடித்துத் தின்னும். கோடையில் பனி உருகிவிட்டால் கரைக்கு வந்து பட்டினிதான்! கர்ப்பிணிக் கரடியின் பாடு இன்னும் திண்டாட்டம். வளை தோண்டிப் படுத்து, குட்டி போட்டு, பால் கொடுத்து, மறுபடி கடலுக்குப் போகும்வரை சுமார் 8 மாதம் உபவாசம். பிறக்கும் குட்டியோ அரைக் கிலோ சொச்சம். தாய் உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்புதான் அதை வளர்க்கிறது.

பூமி சூடேறுவதால் இப்போது பனி சீக்கிரம் உருகுகிறது, தாமதமாக உறைகிறது. பட்டினி நாள் நீள்கிறது. தாய் மெலிந்தால் பால் வற்றும், குட்டி பிழைக்காது. மேற்கு ஹட்சன் விரிகுடாவில் 2016-ல் சுமார் 842 கரடிகள், 2021-ல் 618தான்.

நிலக்கரியும் பெட்ரோலும் எரிவதால் வரும் கரியமில வாயுதான் முக்கிய காரணம். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியில் தயாராகிறது. நாம் ஸ்விட்சைப் போட்டால் எங்கோ கரி எரிகிறது. அந்த வாயு நாட்டு எல்லை பார்ப்பதில்லை.

நாம் என்ன செய்யலாம்?

* கொல்லைப்புறத்தில் இன்னும் 60 வாட் குண்டு பல்பு எரிகிறதா? 9 வாட் எல்.இ.டி. போடுங்கள். தினம் 5 மணி நேரம் எரிந்தால் மாதம் ஏழரை யூனிட் மிச்சம்.

* ஏ.சி.யை 24 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள். கூடவே மின்விசிறி சுழலட்டும்.

* பருப்பு, கடலையை ஊறவைத்து குக்கரில் வேகவையுங்கள். காஸும் மிச்சம்.

* சாதத்தை அளவாய் வடியுங்கள். குப்பைமேட்டில் அழுகும் சோற்றிலிருந்து மீத்தேன் கிளம்பும். அதுவும் பூமியைச் சூடாக்கும் வாயுதான்.

* பக்கத்துக் கடைக்கு நடந்தே போங்களேன். உடம்புக்கும் நல்லது.

"நான் ஒருத்தி பல்பை அணைச்சா கரடி பிழைச்சுடுமா?" நியாயமான கேள்வி. ஒருத்தியால் ஆகாது. அதிகம் புகைவிட்டவையும் பணக்கார நாடுகள்தான். அதனால் மிச்சம் பிடிப்பதோடு நிற்காமல், ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், "சூரிய மின்சாரத்துக்கு என்ன செய்யப்போறீங்க?" என்றும் கேளுங்கள்.

காலம் கடந்துவிடவில்லை. புகையைக் குறைத்தால் பனியும் கரடியும் தப்பிக்க வழியுண்டு என்று 2010-லேயே அமெரிக்க விஞ்ஞானிகள் கணக்கிட்டுச் சொன்னார்கள். பிள்ளைக்காகப் பட்டினி கிடக்கும் ஒரு தாயின் கஷ்டம் நமக்குப் புரியாதா என்ன?