பூரணம் பிதுங்காத போளி

போகிப் பண்டிகையன்று பல வீடுகளில் தட்டப்படும் போளி, கடலைப்பருப்பும் வெல்லமும் சேர்ந்த பூரணத்தை, அதாவது இனிப்பு உள்ளீட்டை, உள்ளே வைத்தும் கிழியாமல் விரிவது எப்படி? மைதாவில் நீர் விட்டுப் பிசையும்போது உருவாகும் பசையம் என்னும் இழுபடும் புரத வலை, எண்ணெயோடு நன்றாக ஊறித் தளர்ந்தபின், மெல்லிய தோல்போல நீண்டு கொடுப்பதே அதற்குக் காரணம். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் வெள்ளிமலையைச் சுற்றியுள்ள கல்வராயன் மலையில் விளையும் சாமை என்னும் சிறுதானியத்தில் இந்தப் பசையம் இல்லாததால், அதன் மாவில் போளி தட்டினால் ஓரமெல்லாம் விரிசல் விடும். ஆனால் அதே மாவில் கொதிநீர் ஊற்றிக் கிளறினால், மாவுச்சத்து வெந்து ஒட்டும் தன்மை பெற்றுப் பூரணத்தை அழகாக மூடிக்கொள்ளும். அப்படிப் பிடித்து ஆவியில் வேகவைத்த சாமைக் கொழுக்கட்டை, சுவையில் போளிக்குச் சற்றும் குறைந்ததன்று. வரும் பண்டிகையில் விருந்தினருக்கு நீட்டும் முதல் தட்டில், போளியோடு அதுவும் இடம்பெறட்டும்.